படிக்காமலே சொல்லுங்கள், பார்ப்போம்!

சரித்திர நாவலைப் படித்து முடித்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்பது உலக வழக்கம். இன்னும் படிக்கத் தொடங்காதவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதில்தான் வேடிக்கை அதிகம்! கையிலே கனத்த புத்தகம். அட்டையிலே ஒரு கோபுரம், ஒரு குதிரை, கண்ணை அகல விரித்த ஒரு பெண். "இதிலே என்ன நடக்கும்?" என்று கேட்டால் போதும், ஒரு நிமிஷத்தில் முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். குதிரைமேல் வருகிறவன் கதாநாயகன். மாறுவேஷத்தில் ஓர் ஒற்றன் இருப்பான். கோட்டைக்குள் ஒரு சுரங்க வழி உண்டு. பட்டத்துக்கு உரியவன் வேறு எங்கோ ஏழை வீட்டில் வளர்வான். பாதிக்கு மேல் சரியாகவும் இருந்து தொலைக்கும்!

இப்படி ஊகம் செய்வது சோம்பேறிகளின் வேலை என்று பெரியவர்கள் சிலர் கடிந்துகொள்கிறார்கள். "முதலில் படி; பிறகு பேசு" என்பது அவர்கள் கட்சி. நம் கட்சி வேறு. படிக்கும் முன் ஊகம் செய்யத்தான் வேண்டும். அதுவும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் இருக்கிறவர்கள் அவசியம் செய்ய வேண்டும். ஆனால், எதைப் பற்றி ஊகிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்றரை வருஷ ஜோசியம்

தமிழ்நாட்டில் ஊர் கூடி ஜோசியம் சொன்ன நாவல் ஒன்று உண்டென்றால் அது 'பொன்னியின் செல்வன்'தான். 'கல்கி' வாரப் பத்திரிகையில் 1950-ல் தொடங்கி 1954-ல் முடிந்தது. ஐந்து பாகங்கள், மணியத்தின் சித்திரங்கள். தொடர்கதையில் வாசகருக்கு ஒரு கஷ்டம், ஆசிரியருக்கு ஒரு சௌகரியம்: கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்க்க முடியாது. நந்தினி யாருடைய மகள்? ஊமை ராணி யார்? ஆதித்த கரிகாலன்மேல் பாய்ந்த ஆயுதம் யார் கையிலிருந்து வந்தது? ஏறத்தாழ மூன்றரை வருஷம் தமிழர் வீடுகளில் இதே பேச்சு. கதை முடிந்த பிறகும் வாசகர் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆசிரியர் ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதே 1954-ஆம் வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி மறைந்தார். கரிகாலன் கொலையைப் பற்றிய விவாதம் மட்டும் இன்றைக்கும் மறையவில்லை.

இதிலே ஒரு விசித்திரம் கவனிக்கத் தக்கது. துப்பறியும் கதையில் முடிவு ஆசிரியர் சட்டைப்பைக்குள் இருக்கிறது. சரித்திர நாவலில் முடிவு கல்லில் வெட்டப்பட்டுக் கோயில் சுவரில் இருக்கிறது! ராஜராஜனுக்கு முன்னால் உத்தம சோழர் ஆண்டார், ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல் என்பதை அறிந்த எவரும், "கதாநாயகன் அருள்மொழிவர்மனுக்குக் கடைசி அத்தியாயத்தில் முடிசூட்டு விழா கிடையாது" என்று முதல் இதழ் வெளிவந்த அன்றே பந்தயம் கட்டியிருக்கலாம். நீலகண்ட சாஸ்திரியார் இங்கிலீஷில் எழுதிய சோழர் சரித்திரமும், சதாசிவப் பண்டாரத்தார் எழுதிய 'பிற்காலச் சோழர் சரித்திர'மும் அச்சில் இருந்தன. சதிகாரர்களின் பெயர்கூட ரகசியமில்லை. சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்று காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியே காட்டிக் கொடுக்கிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில் அந்தத் துரோகிகளின் நிலபுலன்களைக் குறித்து வெட்டிய சாசனம் அது. வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் வீராணம் ஏரிக்கரைமேல் குதிரையில் வருகிறானே, அந்த ஏரிக்குப் பக்கத்து ஊர்தான் காட்டுமன்னார்கோயில். ஐந்தாம் பாகத்துக் கொலைக்கு உரிய சாட்சி, முதல் அத்தியாயத்துக்குப் பக்கத்திலேயே கல்லாய் நின்றுகொண்டிருந்தது!

ஆகவே, "என்ன நடக்கும்?" என்று சரித்திர நாவலைப் பற்றி ஊகிப்பது பாதி நேரம் வீண் வேலை. நடந்தது நடந்துவிட்டது. ஊகிக்க வேண்டியது வேறு: இந்த ஆசிரியர் எந்த ஆற்றங்கரையில் நின்றுகொண்டு பார்க்கப் போகிறார்?

ஆடி மாதத்தில் தண்ணீரா?

தலைப்பே சொல்லிவிடுகிறது. பொன்னி என்றால் காவேரி. முதல் காட்சி ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. ஏரி ததும்புகிறது, பெண்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வருகிறார்கள், மதகுகளில் தண்ணீர் சோவென்று பாய்கிறது. தஞ்சாவூர்க்காரர் இதைப் படித்தால், "ஆமாம், எங்கள் ஊர்தான்" என்று தலையாட்டிவிட்டு மேலே போவார். திருச்சுழிக்காரர் அப்படிப் போக முடியுமா? அவர் ஊரில் ஆடி என்றால் காற்று. அம்மியைப் பறக்கவிடும் காற்று. கண்மாயின் உள்வாயில் வெடிப்பு விட்டுக் கிடக்கும். கரையில் வேலிக்காத்தான் முள் அசையும். தண்ணீர் என்ற சொல்லுக்கே ஐப்பசி, கார்த்திகை வரவேண்டும். அதுவும் வந்தால்தான்!

'குண்டாற்றின் செல்வன்' என்று ஒருவர் நாவலுக்குத் தலைப்பு வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறோம். செல்வனைத் தேடுவதற்கு முன் ஆற்றைத் தேட வேண்டியிருக்கும்!

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் வறண்ட நாட்டு வாசகர் செய்ய வேண்டிய முதல் ஊகம் இதுதான்: "இது காவேரிக்கரைக் கதை. ஆகையால் நம் பக்கத்து ஆட்கள் இதில் வந்தால் எதிரிகளாகத்தான் வருவார்கள்." புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் இருட்டில் வருகிறார்கள், பள்ளிப்படையில் கூடுகிறார்கள், சபதம் செய்கிறார்கள், ஆந்தை போல் குரல் கொடுக்கிறார்கள். ஊகம் அப்படியே பலிக்கிறது. கல்கியின் மேல் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் நந்தினியின் வாயில் வைத்த நியாயம் லேசானதல்ல. வீரபாண்டியனுக்காக அவள் பேசுகிற இடங்களில் சோழ அபிமானிக்கும் மனசு ஒரு கணம் தடுமாறும். ஆனாலும் கதையின் வீடு பழையாறையிலும் தஞ்சையிலும் இருக்கிறது. நம் வீடு அங்கே இல்லை.

பள்ளிமடத்தில் ஒரு சாட்சி

அந்த வீரபாண்டியன் யார்? பத்தாம் நூற்றாண்டின் நடுவில் மதுரை நாட்டைச் சோழர் பிடியிலிருந்து மீட்டு ஆண்டவன். 'சோழன் தலைகொண்ட' என்று அவன் கல்வெட்டுகள் பட்டம் சொல்கின்றன. எந்தச் சோழனுடைய தலை என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. பிறகு சேவூர்ப் போர் வந்தது. ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' பட்டம் பூண்டான். பார்த்திவேந்திரன் பேரிலும் அதே பட்டம் வழங்குகிறது. வீரபாண்டியனைப் போரில் வென்றவர் என்று கொடும்பாளூர்ப் பூதி விக்கிரமகேசரியையும் அவர் ஊர்க் கல்வெட்டு புகழ்கிறது. ஒரு மனிதனுடைய தோல்விக்கு எத்தனை உரிமையாளர்கள், பாருங்கள்!

நாவல் மூலம் மட்டும் தெரிந்துகொண்டவர்களுக்கு வீரபாண்டியன் ஒரு வெட்டுண்ட தலை, அவ்வளவுதான். ஆனால் திருச்சுழியை அடுத்துப் பள்ளிமடம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ள சிவன் கோயிலில் இதே 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுந்தரபாண்டியன் என்ற அரசகுலத்தவன் பேரால் எழுந்த பள்ளிப்படைக் கோயிலை, 'சுந்தரபாண்டிய ஈச்சுவரம்' என்று அவை குறிக்கின்றன. திருச்சுழிக்கு அந்தக் காலப் பெயர் திருச்சுழியல். சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய தலம். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிப்படை சமாசாரம்தான் அவ்வளவாகப் பேச்சில் இல்லை.

'பள்ளிப்படை' என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர் பெரும்பாலோருக்கு அறிமுகப்படுத்தியதே 'பொன்னியின் செல்வன்'தான். திருப்புறம்பயத்துப் பள்ளிப்படையைச் சுற்றிக் காடு; அதற்குள்ளே பாண்டிய நாட்டுச் சதிகாரர்கள். படிக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. அந்தச் சதிகாரர்கள் யாருக்காகக் கூடினார்களோ அந்த வீரபாண்டியனின் காலத்துக் கல், திருச்சுழிப் பையன் ஒருவன் சைக்கிளில் போய்த் தொட்டுவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அவனோ தஞ்சாவூருக்குச் சுற்றுலாப் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, "நம்ம ராஜா கட்டினது!" என்கிறான். சொல்லட்டும், தப்பில்லை. தமிழ் ராஜாதானே! ஆனால், தன் ஊர்க் கல் வேறொரு ராஜாவின் பெயரைச் சொல்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நம்மை உறுத்துகிறது.

அந்தக் காலத்துப் பாண்டிய நாட்டுச் சாசனங்களில் போர்ச் செய்தியைவிட ஆட்டுச் செய்தி அதிகம். கோயிலில் விளக்கெரிய ஆடு விடுவார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்றால், செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் பதிலாகக் குட்டிகளை நிரப்பிக் கணக்குக் குறையாமல் மந்தையைக் காப்பாற்ற வேண்டும். நாள்தோறும் இத்தனை நெய் என்று அளக்க வேண்டும். நெல்லும் கரும்பும் விளைகிற சீமையில் இருந்து வந்த வாசகர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார். ஆட்டுமந்தையோடு மல்லுக்கட்டிய குடும்பத்தில் பிறந்த கரிசல்காட்டு வாசகர் நின்றுவிடுவார். மேய்ச்சல் எங்கே கிடைத்தது, பஞ்ச வருஷத்தில் அந்த நெய்க் கணக்கை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று கேட்பார். சரித்திர நாவலைத் திறக்கும் முன் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவைதாம்.

ஒரே கிரீடம், இரண்டு கரைகள்

கரை மாறினால் கதை மாறும் என்பதற்குப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. பாண்டியர் மணிமுடி இலங்கைக்குப் போன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தகனிடம் தோற்ற ராஜசிம்ம பாண்டியன் முடியையும் அரச சின்னங்களையும் இலங்கையில் வைத்துவிட்டுப் போனான். ராஜேந்திர சோழன் பிற்காலத்தில் அதைக் கைப்பற்றினான். அகிலன் 'வேங்கையின் மைந்தன்' எழுதினார். 1963-ல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நாவல். அதில் அந்த முடி சோழர் மீட்டு வர வேண்டிய வெற்றிப் பொருள். நா. பார்த்தசாரதி 'பாண்டிமாதேவி' எழுதினார். அதில் அதே முடி, ஒரு தாயும் மகனும் பறிகொடுக்கிற குடும்பச் சொத்து. நா. பா. பிறந்தது பழைய ராமநாதபுரம் ஜில்லா நதிக்குடி. பெயரில்தான் நதி! வறண்ட பூமியில் பிறந்தவருக்குப் பாண்டியன் மகாதேவியின் துயரம் கண்ணில் பட்டதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. ஆசிரியரின் ஊரைப் பார்த்தே இதை ஊகித்திருக்கலாம் என்று சொன்னால், "அதெல்லாம் தற்செயல்" என்று ஒருவர் மறுக்கலாம். மறுக்கட்டும். அகிலன் புதுக்கோட்டைச் சீமைக்காரர் என்பதையும் சேர்த்துக்கொண்டு மறுக்கட்டும்.

தலைப்பை மட்டும் நம்பி ஊகிப்பவர்கள் இடறுகிற இடமும் உண்டு. அரு. ராமநாதனின் 'வீரபாண்டியன் மனைவி'யைக் கையில் எடுத்து, "ஆகா, நம் வீரபாண்டியன்!" என்று குதித்தால் ஏமாற்றம்தான். அந்த வீரபாண்டியன் வேறு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். இருநூறு வருஷத்துக்குப் பிற்பட்டவன். பாண்டியர்கள் பெயர் வைப்பதில் சிக்கனக்காரர்கள்!

குதிரை வராத சரித்திரம்

ஊகத்துக்கு உண்மையான பரீட்சை ராஜா இல்லாத சரித்திர நாவலில்தான். 2012-ல் பூமணியின் 'அஞ்ஞாடி' வந்தது. 2014-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்தைத் தொடுகிற புத்தகம். சரித்திர நாவல் என்று கேள்விப்பட்டுக் குதிரையையும் சுரங்க வழியையும் எதிர்பார்த்துத் திறந்தவருக்கு, கலிங்கல் என்ற கரிசல் கிராமத்தில் ஆண்டி என்ற சம்சாரியும் மாரி என்ற சலவைத் தொழிலாளியும் சிநேகிதர்களாக உலாவுவது கண்டு திகைப்பு ஏற்படும். "சரித்திரம் எப்போது தொடங்கும்?" என்று பக்கத்தைப் புரட்டுவார். அது தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும்! 1895-ஆம் வருஷத்துக் கழுகுமலைக் கலவரமும் 1899-ஆம் வருஷத்துச் சிவகாசிக் கலவரமும் அந்த மனிதர்களின் வாசற்படிக்கே வந்துவிடும்.

அருப்புக்கோட்டைக்காரருடைய ஊகம் இப்படித் தவறிப் போக வேண்டிய அவசியமில்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கரிசல் நாட்டுக் கதை என்றதுமே, கிணறு வரும், கண்மாய் வரும், பருத்தி வரும், தீர்வை வரும், 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டாமல் யாரும் போக முடியாது என்று அவர் சொல்லிவிடலாம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) போல, எங்கிருந்தோ ஓடி வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய பாட்டிகள் வருவார்கள் என்றும் சொல்லலாம். இவை அவர் வீட்டிலேயே கேட்ட சங்கதிகள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) மதுரைக் கோட்டையைக் கன்னம் வைத்தவர்களின் பக்கத்திலிருந்து பார்ப்பதும் இந்தச் சீமையாருக்கு அதிர்ச்சி தராது.

ஊகம் வேறு, தீர்ப்பு வேறு

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். படிக்குமுன் ஊகிப்பது வாசகனின் உரிமை. படிக்காமல் தீர்ப்புச் சொல்வது அடாத காரியம். 'இதில் எங்கள் ஜாதியைத் தாழ்த்தியிருப்பான்', 'எங்கள் ஊரைக் கேவலப்படுத்தியிருப்பான்' என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஊகம் செய்வதில்லை, வழக்குத் தொடுக்கிறார்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. நாலு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் கைக்குக் கை மாறின. புத்தகம் எரிந்தது, ஆசிரியர் எழுதுவதையே விட்டுவிடுவதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் புத்தகத்துக்குத் தடை இல்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஊகிக்கிறவன் தன் ஊகம் பொய்த்தால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இல்லாதவன் கையில் தீக்குச்சி இருக்கும்.

இன்னொரு தொல்லை சினிமா. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படங்கள் இரண்டு பாகமாக வந்தன. புத்தக விற்பனை பெருகியது, சந்தோஷம். ஆனால் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிற பிள்ளைக்கு ஊகிக்க என்ன மிச்சம்? நந்தினியின் முகம் தெரியும், வந்தியத்தேவனின் சிரிப்பு தெரியும். ஊகம் செய்கிற தசை நோஞ்சானாகிவிடுகிறது. அதற்கு ஒரு மருந்து உண்டு.

நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு சரித்திர நாவலைப் பிள்ளை கையில் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டையும் கொடுக்கலாம். "இந்த ஆசிரியர் யார் பக்கம் நிற்பார்? இதில் வாயே திறக்காத ஆள் யார்? நம்மூர் இதில் வருமா? வந்தால் எப்படி வரும்?" நாலே கேள்வி. பதிலை எழுதித் தேதி போட்டுக் கடைசிப் பக்கத்தில் செருகி வைக்கட்டும். முடித்த பிறகு எடுத்துப் பார்க்கட்டும். மார்க் வேண்டாம். திருச்சுழிப் பள்ளிக்கூடங்களாக இருந்தால், சீட்டை நிரப்பும் முன் பிள்ளைகளைப் பள்ளிமடத்துக்கு ஒரு நடை அழைத்துப் போய் வருவது உசிதம். பஸ் செலவுகூட அதிகமாகாது.

இவ்வளவு சொன்ன பிறகு நாமும் ஓர் ஊகம் சொல்லாமல் போவது நியாயமில்லை. இந்த வீரபாண்டியனைத் திருச்சுழிப் பக்கத்திலிருந்து பார்த்து ஒருவர் நாவல் எழுத உட்கார்ந்தால், அது ஆடியில் தொடங்காது; ஐப்பசியில்தான் தொடங்கும். குண்டாற்றில் முதல் தண்ணீர் செம்மண் கலங்கலாக வருகிறது என்று கேள்விப்பட்டு ஊரே கரைக்கு ஓடும். குதிரை வீரன் வருவானோ, மாட்டானோ. ஐம்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓர் இடையன் கட்டாயம் வருவான். சேவூரில் ராஜா விழுந்துவிட்டான் என்ற செய்தி அவன் காதில் விழும்போது, இனி இந்த விளக்குக்கு நெய்யை யாரிடம் அளப்பது என்றுதான் அவன் முதலில் கேட்பான்.